தாய்லாந்து செவன் இலெவனில் ஆறு நாள்: 39 பாட் பாக்கெட்டும் அதன் பின்பக்கமும்

முதல் நாள் – பாங்காக், சீலோம்

தாய்லாந்தின் முதல் செவன் இலெவன் பலசரக்குக் கடை 1989-இல் இந்த சீலோம் வட்டாரத்தில்தான், பட்பொங் தெருவில் திறக்கப்பட்டது. இன்று நாடு முழுக்கப் பதினான்காயிரம் கடைகளுக்கு மேல் இருக்கின்றன. பான் சாலை முனையில் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு எந்தத் திசையில் நடந்தாலும் சில நிமிடங்களில் ஒரு கடை வந்துவிடும். ஊர்க்காரர்கள் 'செவென்' என்று மட்டும் சொல்வார்கள்.

ரொட்டிக்கும் தண்ணீருக்கும் உள்ளே போகிறவர்கள் பலர் கவனிக்காத ஒரு சுவர் எல்லாக் கடையிலும் உண்டு. பெரும்பாலும் பில் போடும் இடத்துக்குப் பக்கத்திலோ கதவை ஒட்டியோ இருக்கும். கம்பிக் கொக்கிகளில் உள்ளங்கை அளவுப் பாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கும்: சீரம், சன்ஸ்கிரீன், ஃபேஸ்வாஷ், லிப் டின்ட், பவுடர். பெரும்பாலானவை 39 பாட்டிலிருந்து 59 பாட்டுக்குள். ஒரு பாட் நம் காசில் இரண்டரையிலிருந்து மூன்று ரூபாய்க்குள் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போட எளிது. இந்த ஆறு நாளும் அந்தச் சுவரைப் பற்றியும் அதைச் சுற்றி இருக்கும் சோப்பு, பவுடர், நாப்கின் அலமாரிகளைப் பற்றியும்தான்.

வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய முதல் விஷயம் தேதி. தாய்லாந்தில் புத்த ஆண்டு புழக்கத்தில் இருக்கிறது. நம் ஆண்டோடு 543 கூட்டினால் அவர்கள் ஆண்டு; 2026 அங்கே 2569. பாக்கெட்டின் மடிப்பில் 2570 என்று அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம், அது 2027. சிக்கல் இரண்டு இலக்கமாகப் போட்டிருக்கும்போதுதான் வரும். 69 என்றால் 2569, அதாவது 2026. 26 என்று இருந்தால் நேரடியாக 2026. சில பாக்கெட்டுகளில் தயாரித்த தேதியும் முடியும் தேதியும் மேலும் கீழுமாக, எது எது என்று தாய்லாந்து எழுத்தில் மட்டும் இருக்கும். பின்னால் வரும் தேதியே காலாவதி. ஒரே ஒரு தேதிதான் இருக்கிறது, அதுவும் கடந்துபோன தேதி என்றால் பெரும்பாலும் அது தயாரித்த நாள். சந்தேகமாக இருந்தால் பக்கத்துக் கொக்கிக்குப் போய்விடுங்கள்.

விலைச்சீட்டில் இரண்டு 1-களுக்கு நடுவே ஒரு சொல் தெரிந்தால் அது 'நுங் தேம் நுங்': ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். 2 என்ற எண்ணும் அதன் பக்கத்தில் குறைந்த விலையும் இருந்தால், இரண்டாவதுக்கு மட்டும் அந்த விலை என்பதாகவோ, இரண்டும் சேர்ந்து அந்த விலை என்பதாகவோ இருக்கலாம். பில் போடும்போது திரையில் வரும் தொகையைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். சில தள்ளுபடிகள் கடை உறுப்பினருக்கு மட்டுமே. சுற்றுலா வருகிறவருக்கு அது கிடைக்காது, வாதாடிப் பயனில்லை.

சின்னத் தொகைக்கு வெளிநாட்டுக் கார்டை எடுக்காமல் போகலாம். 20, 50, 100 பாட் நோட்டுகள் கையில் இருக்கட்டும். 2020 ஜனவரியிலிருந்து பெரிய கடைகள் பிளாஸ்டிக் பை கொடுப்பதை நிறுத்திவிட்டதால் துணிப்பை ஒன்றும் வேண்டும்.

இரண்டாம் நாள் – பாங்காக், பாக்கெட் சுவர்

பாக்கெட் என்றதும் நமக்கு ஷாம்பு பாக்கெட்தான் நினைவுக்கு வரும். கடலூர் சின்னிகிருஷ்ணன் தொடங்கிவைத்த வழக்கம் அது: பல்லால் கடித்துக் கிழித்து ஒரே குளியலில் முடிப்பது. தாய்லாந்தின் 'சோங்' அப்படியல்ல. மூலையில் திருகு மூடி வைத்த சின்ன மூக்கு இருக்கும், உள்ளே 6 முதல் 10 கிராம். திறந்து, மூடி, ஒன்று இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம். மூடி இல்லாத வகையும் கலந்து தொங்கும். அதை வாங்கினால் ஒருமுறை வெட்டியதும் மூட வழியில்லை, கிளிப் போட்டாலும் கசியும். ஒரே விலைக்கு இரண்டும் இருந்தால் மூக்கு வைத்ததையே எடுங்கள்.

லாபமா என்றால், எப்போதும் இல்லை. 8 கிராம் பாக்கெட் 49 பாட் என்றால் கிராமுக்கு 6 பாட்டுக்கு மேல் ஆகிறது. அதே க்ரீமின் 50 கிராம் டப்பா 250 பாட்டுக்குக் கிடைத்தால் கிராமுக்கு 5 பாட்தான். பாக்கெட்டின் பயன் வேறு. பிடிக்குமா, ஒத்துக்கொள்ளுமா என்று 49 பாட்டில் தெரிந்துவிடுகிறது. பெட்டியில் இடம் அடைக்காது. விமானத்தில் கைப்பையிலேயே போகும். பிடித்துப்போய் நிறைய வேண்டுமென்றால் பிக் சி, லோட்டஸ் போன்ற பெரிய கடைகளில் ஆறு பாக்கெட் அடங்கிய அட்டைப்பெட்டியாகவே விற்பார்கள். தனித்தனியாக வாங்குவதைவிட அங்கே விலை பெரும்பாலும் குறையும்.

எதை எடுக்கலாம்? ஜுலாஸ் ஹெர்ப் என்ற உள்ளூர் பிராண்டின் தர்பூசணி ஜெல்லும் துலுக்கச் சாமந்தி சீரமும் எந்தக் கடையிலும் இருக்கும். தர்பூசணி வகை தண்ணீர் போல இறங்கிவிடும். எண்ணெய் வழியும் சருமத்துக்கும் இந்த ஊர்ப் புழுக்கத்துக்கும் அது பொருந்தும். வறண்ட சருமக்காரர்களுக்கு அது மட்டும் போதாது. ஏசி அறையில் இரவெல்லாம் படுத்தால் காலையில் முகம் இழுத்துப் பிடிக்கும். மேலே ஒரு க்ரீம் வேண்டும். ஸ்மூத் ஈ, ரோஜுகிஸ், மிஸ்டீன், கேத்தி டால் எல்லாம் பக்கத்துக் கொக்கிகளில். ஸ்னெயில் வைட் என்ற பெயரில் வருவது நத்தைச் சுரப்பு சேர்ந்தது. சைவர்கள் பெயரைப் பார்த்தே விலகிவிடலாம். கொலாஜன் என்று எழுதியிருப்பதும் பெரும்பாலும் மீன் அல்லது விலங்கிலிருந்து எடுத்தது.

முன்பக்கம் எல்லாவற்றிலும் 'வைட்', 'பிரைட்' என்ற சொற்கள்தான். தாய்லாந்து மொழியில் 'காவ்' என்றால் வெள்ளை. விற்பனைக்காரர்களுக்கு இதைவிடப் பிடித்த சொல் கிடையாது. நம் மாநிறத்தையும் கறுப்பையும் மாற்ற வேண்டிய குறையாகப் பேசும் அந்த முன்பக்கத்தை நம்ப வேண்டியதில்லை. பின்பக்கத்தில் நயாசினமைட், ஆல்ஃபா ஆர்பியூட்டின், ட்ரானெக்ஸாமிக் அமிலம் ஆகிய பெயர்கள் முதல் ஏழெட்டுப் பொருள்களுக்குள் இருந்தால், பரு போன இடத்துக் கருந்தழும்பு மங்க உதவும். அதற்கும் எட்டு வாரமாவது தொடர்ந்து பூச வேண்டும். ஒரு பாக்கெட்டில் வித்தியாசம் தெரியாது. பட்டியலின் கடைசியில், வாசனைப் பொருளுக்கும் கீழே அவை இருந்தால் பெயருக்குச் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பொருள் பட்டியல் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும், ஆனால் எறும்பு அளவு. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். அங்கேயே இன்னொன்றையும் தேடுங்கள்: அழகுப் பொருள் பதிவு எண். நடுவில் கோடு போட்ட மூன்று பகுதியாக இருக்கும். பழையவை 10 இலக்கம், புதியவை 13. நடுவில் இருக்கும் ஒற்றை இலக்கம் 1 என்றால் உள்நாட்டுத் தயாரிப்பு, 2 என்றால் இறக்குமதி. மூன்றாம் பகுதியின் முதல் இரண்டு இலக்கம் பதிவான புத்த ஆண்டு: 66 என்று தொடங்கினால் 2566, அதாவது 2023. செவென் கடைச் சரக்கில் இந்த எண் இருக்கும். இல்லாத சரக்கு வாரச்சந்தைகளிலும் இணையத்திலும் விற்கும், மூடிமேல் பூப்படம் ஒட்டிய வெள்ளை டப்பா. உள்ளூரில் அதற்குப் பெயரே 'க்ரீம் குவன்', கிளறிக் கலந்த க்ரீம். பாதரசம், ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு இவற்றில் ஏதோ ஒன்று அதில் இருக்கலாம். மூன்று நாளில் முகம் வெளுக்கும். நிறுத்திய பிறகு சிவந்து, மெலிந்து, பரு கொட்டும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

புதிதாக வாங்கியதை முதல் இரவு முழங்கையின் உள்மடிப்பில் மிளகளவு தடவி, 24 மணி நேரம் பாருங்கள். ஒரே இரவில் மூன்று புதுப் பாக்கெட்டுகளை முகத்தில் அடுக்கினால், அரிப்பு வந்தால் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. ஏ.எச்.ஏ., ரெட்டினால் என்று எழுதியவற்றைக் கடற்கரை நாள்கள் முடியும்வரை திறக்கவே வேண்டாம். அவை பூசிய தோலை வெயில் சீக்கிரம் சுடும்.

முகத்துக்கான நிறப் பொருள்களில் நம் நிறத்துக்குத் தேர்வு குறைவு. ஃபவுண்டேஷன் பாக்கெட்டுகள் 21, 23 என்று வெளிர் எண்களிலேயே நின்றுவிடும். அதில் காசைப் போடாமல் லிப் டின்ட் எடுங்கள். பவளச் சிவப்பும் செங்கல் நிறமும் மாநிறத்தில் நன்றாக ஏறும். வெளிர் ரோஜா நிறம் சாம்பல் பூத்தாற்போல் நிற்கும். 1948-இல் தொடங்கிய ஸ்ரீசந்த் என்ற பழைய நிறுவனத்தின் நிறமற்ற பவுடர் எண்ணெய் வழிவதை நன்றாக அடக்கும். பஃப்பைத் தேய்க்காமல் நெற்றி, மூக்கு, முகவாய் மட்டும் ஒற்றி எடுங்கள். அதிகம் போனால் அதுவும் நரைத்துத் தெரியும்.

மூன்றாம் நாள் – அயுத்தயா, வெக்கை

செங்கல் இடிபாடுகளுக்கு நடுவே நிழல் கிடையாது. இங்கே நடக்கிறவர்களுக்குக் கடையின் பழைய சரக்குகள்தான் துணை.

முதலாவது குளிர் பவுடர், 'பேங் யென்'. பாம்புப் படம் போட்ட ஸ்நேக் பிராண்ட் 1947-இலிருந்து வருகிறது. டால்க், மென்தால், கற்பூரம் சேர்ந்தது. 50 கிராம் டப்பா பயணத்துக்குப் போதும். நம் ஊர் வேர்க்குரு பவுடர் பழக்கத்தில் கொட்டிப் பூசினால் எரிச்சலில் துள்ள வேண்டியிருக்கும். முகத்துக்குத் தள்ளி, உள்ளங்கையில் ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாகத் தட்டி, உலர்ந்த முதுகிலும் கழுத்திலும் மட்டும் பூசுங்கள். ஈரத்தோலில் போட்டால் மடிப்புகளில் உருண்டு திரண்டு உராயும். அப்போதுதான் சவரம் செய்த இடம், புண், வெயில் சுட்ட தோல், தொடையிடுக்கு, கைக்குழந்தை ஆகியவற்றுக்குக் கூடவே கூடாது. பூசியதும் ஏசி பஸ்ஸில் ஏறினால் நடுங்கும், அதனால் காலையில் கிளம்பும் முன் போடுவதே சரி.

இரண்டாவது 'யா டோம்', மூக்கில் வைத்து முகரும் குழல். பஸ் ஓட்டுநர், கல்லூரி மாணவி, பூக்காரம்மா என்று எல்லார் கையிலும் பார்க்கலாம். போய் சியன் குழலில் இரண்டு முனை: ஒன்று முகர, மற்றொன்றைத் திருகினால் தைலம், நெற்றிப்பொட்டில் தொட்டு வைக்க. 20, 25 பாட்டுக்குள் முடியும். மென்தால், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெயோடு பிம்சேன் என்று ஒன்றும் சேர்ப்பார்கள். அது போர்னியால், நம் பச்சைக் கற்பூரத்தின் மணம் அதில் தெரியும். அடைத்த மூக்கு திறந்தாற்போல் இருக்கும், ஆனால் மென்தால் தரும் குளிர்ச்சி உணர்வுதான் அது, வீக்கம் குறைவதில்லை. நாள் முழுக்க மூக்கிலேயே செருகி வைத்தால் உள்தோல் வறண்டு எரியும். ஒருவர் குழலை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது. கற்பூரமும் மென்தாலும் சின்னக் குழந்தைகளுக்கு ஆபத்து, கையில் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது படிகாரப் பொடி. 'தாவ் யியாப் லோக்' என்று பெயர், உலகத்தின் மேல் ஆமை நிற்கும் படம். ஆமைக்கான சொல்லே அங்கே பேச்சுவழக்கில் அக்குளையும் குறிக்கும், அதனால்தான் ஆமை. 22 கிராம் சின்ன டப்பா மாதக்கணக்கில் வரும். குளித்துத் துடைத்த பின், லேசான ஈரம் இருக்கும்போதே ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்க்க வேண்டும். காய்ந்த தோலில் ஒட்டாமல் சட்டைக்குள் உதிரும். படிகாரம் நாற்றத்துக்குக் காரணமான பாக்டீரியாவைத்தான் கட்டுப்படுத்துகிறது, வியர்வையை அவ்வளவாக நிறுத்தாது. சட்டை நனையத்தான் செய்யும், வாடை வராது. சவரம் செய்த அன்று போட்டால் காந்தும்.

சோப்பில் கிளிப்படம் போட்டதும், பென்னெட்டின் ஆரஞ்சு நிற வைட்டமின் கட்டியும் மலிவு. பின்பக்கத்தில் சோடியம் டாலோவேட் என்று இருந்தால் மாட்டுக் கொழுப்பு சேர்ந்திருக்கலாம், சோடியம் பால்மேட் என்றால் பனை எண்ணெய். வேண்டியவர்கள் பார்த்து எடுங்கள். பற்பசையில் சின்ன வட்ட டப்பாவில் வரும் மூலிகைப் பசையும் தேப்தாய் டியூபும் கிராம்பு, மென்தால் காரம் மிகுந்தவை. பட்டாணியில் பாதி போதும், வழக்கமான அளவு எடுத்தால் வாய் மரத்துவிடும். ஃபுளோரைடு எல்லா மூலிகைப் பசையிலும் இருக்காது. ஆறு நாளுக்குப் பரவாயில்லை. ஊரில் தினம் துலக்க என்றால் பட்டியலில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நான்காம் நாள் – கிராபி, ஆவ் நாங்

நாளை படகு. இன்றைக்குள் சன்ஸ்கிரீன் வாங்கி முடிக்க வேண்டும். அதிகம் பேர் தப்பாக வாங்குவதும் இதைத்தான், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

டப்பாவில் எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 50 என்று எழுதியிருப்பது, சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்த எண். அந்த அளவில் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ ஒன்றேகால் கிராம் வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிழிந்த இரண்டு கோடு. இப்போது 7 கிராம் பாக்கெட்டைக் கையில் எடுங்கள்: ஐந்தரை முறை. காலை 9 மணிக்குப் படகேறி மாலை 4 வரை வெளியில் இருந்தால், இரண்டு மணிக்கு ஒருமுறை என்று நான்கு தடவை பூச வேண்டும். ஒரு பாக்கெட் ஒன்றரை நாள்கூட வராது. அதை ஒரு வாரம் ஓட்டுகிறவர்கள் கால்பங்கு அளவில் பூசிக்கொண்டு, 'எஸ்.பி.எஃப். 50 போட்டும் கறுத்துவிட்டேன்' என்கிறார்கள்.

உடம்புக்கோ ஒருமுறைக்கே 30 கிராம். அதற்குப் பாக்கெட் ஒத்துவராது, 100 மில்லியாவது உள்ள டியூப் வேண்டும். முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொண்டால் முகம், கழுத்து, புறங்கை, கால் மட்டும் மிஞ்சும். டியூப் பாதி மிச்சமாகும். அலமாரியில் 'யுவி பாடி சீரம்', 'யுவி லோஷன்' என்ற பெயரில் நிற்பவற்றில் எஸ்.பி.எஃப். எண்ணைத் தேடுங்கள். எண்ணே இல்லாதது அல்லது 15, 20 என்று இருப்பது கடற்கரைக்கு ஆகாது.

நம் நிறத்துக்கு அடுத்த கேள்வி வெள்ளைப் படலம். 'டோன் அப்', 'இன்ஸ்டன்ட் வைட்' என்று எழுதியவை டைட்டானியம் டையாக்சைடை நிறமியாகவே சேர்த்தவை. மாநிற முகத்தில் விபூதி பூசியது போல் நிற்கும், வியர்த்தால் கோடு கோடாக ஒழுகும். 'அக்வா', 'வாட்டரி', 'ஜெல்' என்ற வகை தெரியாமல் மறையும். பியோரேவின் அக்வா ரிச் நிறைய இடங்களில் கிடைக்கும். ஆனால் மெல்லிய ஜெல் வகைகள் பல கடல்நீரைத் தாங்காது. நகரில் நடக்க அது. கடலில் இறங்க 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று எழுதியது. இரண்டையும் ஒரே பாக்கெட்டில் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

இனி சட்டம். 2021 ஆகஸ்டில் தாய்லாந்து அரசு, கடல்சார் தேசியப் பூங்காக்களுக்குள் நான்கு பொருள்கள் சேர்ந்த சன்ஸ்கிரீனுக்குத் தடை போட்டது. பவளப்பாறையின் முட்டைப்புழுக்களையும் இனப்பெருக்கத்தையும் அவை கெடுக்கின்றன என்பது காரணம். மீறினால் ஒரு லட்சம் பாட் வரை அபராதம். பெயர்களைப் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஆக்ஸிபென்சோன், இது பட்டியலில் பென்சோஃபீனோன்-3 என்று வரும்; ஆக்டினாக்ஸேட், இது எத்தில்ஹெக்ஸைல் மெத்தாக்ஸிசின்னமேட் என்று வரும்; 4-மெத்தில்பென்சிலிடீன் கேம்ஃபர்; பியூட்டைல்பாரபென். நாளை போகும் பீபீ தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. சிமிலான், சுரின் தீவுகளும் அப்படியே.

சிக்கல் என்னவென்றால், கடையில் விற்பதற்குத் தடை இல்லை, பூங்காவுக்குள் கொண்டுபோய்ப் பூசுவதற்குத்தான். மலிவான சன்ஸ்கிரீன் பாக்கெட்டுகளில் அதிகம் தென்படுவது அந்த இரண்டாவது, நீளமான பெயர்க்காரன்; பட்டியலின் முதல் ஐந்துக்குள்ளேயே இருப்பான். முன்பக்கத்தில் ஆமைப் படமும் 'ரீஃப்' (பவளப்பாறை) என்ற சொல்லும் இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். அந்தச் சொல்லை யாரும் சோதித்து முத்திரை குத்துவதில்லை. பின்பக்கம் திருப்பி, நான்கு பெயரும் இல்லை என்று பார்த்த பிறகே பை. கொக்கியில் ஒன்றும் தேறாவிட்டால் பக்கத்து மருந்துக்கடையில் ஜிங்க் ஆக்சைடு சேர்ந்த க்ரீம் கேளுங்கள். சன்ஸ்கிரீனுக்கு அவர்கள் சொல் 'கான் டேட்'. ஜிங்க் வெள்ளையாகத் தெரியும்தான். ஒரு நாள் படகில் அது பெரிய விஷயமில்லை, பவளத்துக்கு அது பெரிய விஷயம்.

கொசுவிரட்டி லோஷனையும் இன்றே எடுத்துவிடுங்கள். சோஃபெல் சின்னப் பாக்கெட்டிலும் குப்பியிலும் வரும். முதலில் சன்ஸ்கிரீன், இருபது நிமிடம் கழித்து அதன்மேல் கொசுவிரட்டி. இதில் உள்ள டீட் என்ற கொசுவிரட்டி ரசாயனம் சன்ஸ்கிரீனின் வலுவைக் குறைக்கும், அதனால் பகலில் தொப்பியும் வேண்டும். கண்ணாடி ஃபிரேம், கைக்கடிகாரப் பட்டை, நகப்பாலிஷ் மீது பட்டால் டீட் அவற்றை இளக்கிவிடும். பூசியதும் உள்ளங்கையைக் கழுவுங்கள். டெங்கு கொசு பகலில்தான் கடிக்கும் என்பதால் மாலைக்கு மட்டும் என்று ஒதுக்க முடியாது.

ஐந்தாம் நாள் – பீபீ, திரும்பிய பின்

வெயில் சுட்ட தோலுக்குக் கற்றாழை ஜெல். கற்றாழைக்குத் தாய்லாந்துப் பெயர் 'வான் ஹாங் ஜோரகே', முதலைவால் செடி. ஓரத்து முள்ளைப் பார்த்தால் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். விட்டாரா, ப்ரோவாமெட் ஜெல் டியூப்கள் தீவுக் கடைகளிலும் இருக்கும், விலை கரையைவிடக் கொஞ்சம் கூடுதல். 99 சதவீதம் என்று முன்பக்கத்தில் இருந்தாலும் பின்பக்கத்தில் ஆல்கஹால் முதல் மூன்று நான்கு பொருளுக்குள் இருந்தால் வெந்த தோலில் எரியும். குளிர்ந்த நீரில் குளித்து, தோல் ஈரமாக இருக்கும்போது கனமாகப் பூசி, காய்ந்ததும் மறுபடி. அறை ஃபிரிட்ஜில் வைத்துப் பூசினால் இன்னும் இதம். சூடு அடங்காத தோலில் தேங்காய் எண்ணெயோ வாஸலினோ போட்டால் வெப்பம் உள்ளேயே நிற்கும். கொப்புளம், காய்ச்சல், குளிர் வந்தால் ஜெல்லோடு நிற்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

பூச்சிக் கடிக்குப் பச்சைத் தைலம், வாங் ப்ரோம் குப்பி. கடித்த இடத்தில் ஒரு புள்ளி, சொறிந்து புண்ணான இடத்தில் அல்ல.

உப்புநீரும் வியர்வையும் சேர்ந்து பரு கிளம்பினால் ஹைட்ரோகொலாய்டு ஒட்டுகளை (பருமேல் ஒட்டும் சின்ன பிளாஸ்டர்) எடுங்கள். முகம் கழுவி, முழுக்க உலர்ந்தபின், எந்த க்ரீமும் படாத தோலில் ஒட்ட வேண்டும். க்ரீமின் மேல் ஒட்டினால் அரைமணியில் நழுவும். சீழ் கோத்த, வாய் திறந்த பருவுக்குத்தான் இது. ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் ஒட்டு வெளுத்து உப்பினால் உறிஞ்சிவிட்டது. தோலுக்கடியில் உருண்டையாக வலிக்கும் பருவுக்கு ஒன்றும் செய்யாது.

ஆறாம் நாள் – பாங்காக், மூட்டை கட்டுதல்

நாப்கின் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அளவு சென்டிமீட்டரில் இருக்கும்: பகலுக்கு 23 முதல் 25, இரவுக்கு 29-க்கு மேல். மூன்று நான்கு அடங்கிய சின்னப் பாக்கெட் எந்த நேரமும் கிடைக்கும். நீல உறையில் பனித்துளிப் படமோ 'கூலிங்' என்ற சொல்லோ இருந்தால் அதில் மென்தால் சேர்த்திருக்கிறார்கள். சோஃபியின் கூலிங் ஃப்ரெஷ் அப்படிப்பட்டது. தெரியாமல் வாங்கினால் திடுக்கிட வைக்கும். இந்த வெக்கையில் சிலருக்கு அது மிகவும் பிடிக்கும், மென்மையான தோல்காரர்களுக்கு எரியும். மாதவிலக்கு தொடங்கிய பின் முதன்முறை சோதிக்காமல், அதற்கு முன்பே ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். டாம்பான் சின்னக் கடைகளில் அரிது, பெரிய மருந்துக்கடைக்குப் போக வேண்டும்.

மூட்டை கட்டும்போது: கைப்பையில் ஒவ்வொரு திரவமும் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் பைக்குள். பத்துப் பதினைந்து பாக்கெட் அதில் எளிதாக அடங்கும். திறந்த பாக்கெட்டின் மூடியைக் கழற்றி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, திருகி மூடி, மூக்கு மேல்பார்க்க நிற்கும்படி ஜிப் உறையில் வையுங்கள். உள்ளே காற்று இருந்தால் விமானம் மேலேறும்போது உப்பி மூக்கு வழியே கக்கும். ஸ்கூட்டர் பெட்டியிலோ வெயிலில் நின்ற வண்டியிலோ கிடந்த சன்ஸ்கிரீன், பிழியும்போது முதலில் தண்ணீரும் பிறகு கட்டியும் வந்தால் பிரிந்துவிட்டது; குலுக்கிச் சரிசெய்ய முடியாது, எறிந்துவிடுங்கள். வைட்டமின் சி சீரம் தேன் நிறத்துக்கு மாறினாலும் அப்படியே.

ஊருக்குக் கொடுக்க வாங்குகிறவர்கள் திறக்காத பாக்கெட்டுகளின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் நம் ஆண்டைப் பெரிதாக எழுதிக் கொடுங்கள். 70 என்று அச்சடித்ததை 2070 என்று படித்துவிட்டு, இன்னும் நாற்பது வருஷம் இருக்கிறதென்று பீரோவில் பூட்டி வைக்கிற வீடுகள் உண்டு.